இடதா, வலதா?

“தபால் ஆபீசுக்கு நேரா போகணும் சார். எதுக்கு இந்தச் சந்துக்குள்ள திருப்பினீங்க?”

“சும்மாதான் டீச்சர்” என்றார் பெரியவர். முகமெல்லாம் சிரிப்பு.

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளை மேடம் என்று கூப்பிட, இவர் மட்டும் டீச்சர் என்பார். சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். என்ன வேலை பார்த்தீர்கள் என்றால், அது முடிந்த கதை என்று மழுப்பிவிடுவார். அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இன்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

காலையில் அவருடைய மகள் போன் செய்திருந்தாள். அப்பா இப்போதெல்லாம் கால் போன போக்கில் சுற்றுகிறார், கேட்டால் சும்மா என்கிறார், புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது என்றாள். இன்று தபால் ஆபீசுக்கு ஒழுங்காகப் போய் வராவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றும் சொல்லிவிட்டாள்.

பெரியவர் வலது பக்கம் திருப்பினார். பிறகு இடது. சைக்கிள் கடை, சலவைக் கடை எல்லாம் தாண்டி ஒரு முட்டுச் சந்தில் போய் மாட்டிக்கொண்டார். அதற்கும் சிரிப்புதான்.

டீச்சருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இவர் பிரேக் போட்டால் பாட்டிலில் தண்ணீர்கூட ஆடாது. சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து, பச்சை என்று வாய்விட்டுச் சொல்வார். இவருக்கா புத்தி தடுமாறும்? ஆனால் திருப்பம் என்று வந்தால் மட்டும் ஸ்டீயரிங்கைக் கன்னாபின்னாவென்று சுற்றினார்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, மகள் சொன்னதை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகம் வாடிப்போனது.

“தபால் ஆபீஸ் எனக்குத் தெரியாதா டீச்சர்? கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்.”

“அப்புறம் ஏன் சார் இப்படிச் சுத்துறீங்க? உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்தார். “வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து வண்டிதான் ஓட்டினேன். போற வழியில எத்தனையோ தெரு கண்ணுல படும். உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு வரலாம்னு தோணும். முடிஞ்சதே இல்ல.”

“ஆயுசு பூரா வண்டி ஓட்டினவரு, எங்கிட்ட எதுக்குக் கத்துக்க வந்தீங்க?”

“நான் ஓட்டினது ரயில், டீச்சர். அதுல ஸ்டீயரிங்கே கிடையாது.”

டீச்சர் உடனே மகளுக்குப் போன் போட்டாள். அப்பாவுக்குக் கற்பூர புத்தி, திருப்பம்தான் இன்னும் சரியாக வரவில்லை, குறைந்தது இன்னும் ஒரு மாதமாவது சுற்ற வேண்டியிருக்கும் என்றாள்.