வண்டிக்கு அடியில்

"அடிப்பாகம் துருப்பிடிச்சிருந்தா வண்டியை ரோட்டுல விட முடியாது, ஐவி" என்றபடி பரிசோதகன் டார்சி பழைய டிரக்குக்கு அடியில் நுழைந்தான்.

கங்காரு தீவின் உப்புக்காற்றில் நாற்பது வருடமாக நிற்கும் இந்த ஒரு வண்டிதான் ஐவியின் பண்ணைக்கு. கதவுத் துருவையெல்லாம் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்திருந்தாள். இடுப்பு வலியால் அடியில் மட்டும் குனிந்து பார்த்ததேயில்லை.

வெகுநேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் பேயறைந்தவன்போல் நின்றான்.

"உண்மையைச் சொல்லுங்க. அடியில என்ன பூசறீங்க?"

"ஒண்ணுமே பூசலையேப்பா. போச்சா?"

"போச்சாவா? ஒரு பொட்டுத் துரு இல்ல! யாரோ வருஷக்கணக்கா கொழுப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு வச்சிருக்காங்க!"

அவன் நீட்டிய உள்ளங்கையை ஐவி முகர்ந்தாள். கழுவாத கம்பளி ரோமத்தின் எண்ணெய்ப்பிசுக்கு வாசனை. விரலிடுக்கில் ஒரு வெள்ளை ரோமம்.

"அடப்பாவிங்களா!" அவளுக்குக் கண் கலங்கியது. "வெயில் ஏறினா நிழலுக்காக வண்டிக்கு அடியில புகுந்து முதுகைத் தேய்ச்சுக்குதுங்க. தினம் துடைப்பத்தால விரட்டுவேனே!"

இருவரும் வேலிப்பக்கம் திரும்பினார்கள். முப்பது செம்மறி ஆடுகள் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

டார்சி மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.