தம்பி பேர்

கீபோர்டில் சொட்டிய ரத்தத்தைக் கண்காணிப்புக் கேமரா மெக்கானிக் சட்டைக் கையால் துடைத்தான். துடைத்த இடத்திலேயே மூக்கிலிருந்து அடுத்த சொட்டும் விழுந்தது.

அவனுடைய இடக்கையை மேசைமேல் விரித்து, மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார் லாரி ஷெட் முதலாளி. இன்னொரு கையில் டயர் கழற்றுகிற சுத்தியல்.

போன வாரம் பட்டப்பகலில், இதே ஷெட்டில் அவர் தம்பியை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். கேமராவில் பதிவானது முழுக்க இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. போலீஸ் வந்து பார்ப்பதற்குள் துடைத்துவிட்டாற்போல் அழிந்திருந்தது.

"இதுல கை வைக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் மாமா. எவனுக்காகவோ அழிச்சிருக்கான்" என்றான் முதலாளியின் மைத்துனன். "எனக்கெல்லாம் டிவி ரிமோட்டே தகராறு."

"சத்தியமா நான் இல்லண்ணே! அழிஞ்சதத் தோண்டி எடுக்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு. அத ஏத்துனா கொன்னவன் மூஞ்சியே வந்துரும்."

"ஏத்து. வரலைன்னா ஒரு விரலும் மிஞ்சாது."

மெக்கானிக் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, ஒற்றைக் கையால் கட்டளையை அடித்தான். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது.

முதலாளிக்கு இரண்டு கைக்கும் வேலை இருந்தது. "மச்சான், நீ போடு. தம்பியோட செல்லப் பேருதான்" என்றார்.

"அத மறப்பேனா மாமா?" மைத்துனன் ஒரே விரலால் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்தி, எண்டரைத் தட்டிவிட்டு நகர்ந்தான்.

பாஸ்வேர்டு தவறு என்றது திரை.

"பாத்தீங்களா? ஏமாத்துறான் மாமா! போடுங்க ஒண்ணு!"

சுத்தியல் இறங்கியது. சுண்டுவிரல் நசுங்கி மெக்கானிக் போட்ட அலறலில், வெளியே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே வந்து பார்க்கத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

முதலாளி சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்பி பேரைத் தானே அடித்தார். முதல் எழுத்து. அடுத்த எழுத்து. திரையில் ஒன்றும் விழவில்லை.

"டேய், என்னடா இது? நான் அடிக்கிறேன், ஒரு எழுத்துகூட வரல! யார்கிட்ட விளையாடுற?" சுத்தியல் மறுபடி உயர்ந்தது.

"அண்ணே, வேணாம்ணே! இந்தக் கறுப்புத் திரையில பாஸ்வேர்டு அடிச்சா வெளிய தெரியாது, உள்ள போயிட்டுத்தான் இருக்கும்! மொத தடவ அடிக்கிற அத்தன பேரும் உங்கள மாதிரிதாண்ணே பதறுவாங்க! முழுசா அடிச்சு எண்டர் தட்டுங்க!"

மீதி எழுத்துகளையும் அடித்துத் தட்டினார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. வரி வரியாக எழுத்துகள் ஓட, புரோகிராம் இறங்கத் தொடங்கியது.

முதலாளி அதைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கின் மணிக்கட்டை விட்டார். சுத்தியலோடு போய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினார்.

"மச்சான், நீ ஏன் பதறல?"