கிழக்குச் சரிவின் வளைகள்

வளைகள் இருக்கின்றன. அழுங்கு இல்லை.

அவள் மண்டியிட்டு டார்ச்சை உள்ளே அடித்தாள். சரிந்து இறங்கும் மண் சுவரில் நகக் கீறல்கள். நீளமாக, பக்கம் பக்கமாக. எறும்புத்தின்னியின் முன்னங்கால்தான். மலைக்காரர்கள் அதை அழுங்கு என்கிறார்கள். அவளும் அப்படித்தான் சொல்லப் பழகியிருந்தாள்.

வளையின் முடிவில் உடைந்த கறையான் புற்று.

வேறொன்றும் இல்லை.

கோடை முழுவதும் இப்படித்தான். கிழக்குச் சரிவெங்கும் வளைகள். வாசலுக்கு வாசல் கேமரா கட்டிப் பார்த்தாள். முள்ளம்பன்றி வந்தது. கீரி எட்டிப் பார்த்தது. ஒரு மரநாய் கேமராவை முகர்ந்துவிட்டு, பிடிக்காமல் போனது.

இவ்வளவு தோண்டுகிற பிராணி எங்கே போய்ப் படுக்கிறது?

அது தெரியாமலே ஒரு பதிலைச் சொல்லியிருந்தாள்.

காட்டு விலங்குகளுக்குத் தண்ணீர்க் குட்டை வெட்டப்போகிறார்கள். ஆய்வுக்காக இந்தச் சரிவுகளில் அலைகிறவள் அவள்தான் என்பதால், எங்கே வெட்டலாம் என்று ரேஞ்சர் அவளிடம் கேட்டார். கிழக்கே வேண்டாம், வளைகள் இருக்கின்றன, மேற்குச் சரிவில் வெட்டுங்கள் என்றாள். அங்கே பாறையும் வேரும்தான். ஒரு வளைகூட இல்லை.

சொல்லும்போது துளியும் தயங்கவில்லை.

இப்போது மேற்குச் சரிவின் அடியில் ஜேசிபி வந்து நின்றது. அதை ஓட்டுகிற சென்னியப்பன் வேலமரத்து நிழலில் தூக்குப்போசியைத் திறந்திருந்தார்.

"சோத்த உண்டுபோட்டு ஆரம்பிச்சர்றனுங் மேடம். அழுங்கு அழுங்குன்னு இந்தத் தேடு தேடறீங்க. எங்கூட்டுக்காரி என்னயக்கூட இப்படித் தேடுனதில்லீங்."

அவள் சிரித்தாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர்களின் முகாமுக்கு மேலேறினாள்.

முகாம் என்றால் ஒற்றை அறை. வெளியே ஒரு குடம்.

கதவு சாத்தியிருந்தது.

காவலர் பொம்மையன் உள்ளே தூங்குகிறார். இரவு ரோந்து போய்வந்த அசதி. தட்டக் கூடாது.

இந்த மலை முகாம்களில் வெளியே கிளம்பும்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் போவார்கள். அரிசியையும் உப்பையும் கையோடு எடுத்துப் போய்விடுவார்கள். பூட்டினால் யானை உடைக்கும். திறந்திருந்தால் துதிக்கையை விட்டுத் துழாவும், ஒன்றும் அகப்படாமல் நகர்ந்துவிடும். இது தெரியாமல், வந்த புதிதில், திறந்த கதவின் முன் நின்று "அண்ணா, அண்ணா" என்று வெகுநேரம் கூப்பிட்டிருக்கிறாள். பொம்மையன் அதை இன்னும் விடவில்லை. பார்க்கிறபோதெல்லாம் கேட்பார்.

"ஆளில்லாத ஊட்டோட பேசி முடிச்சாச்சுங்களா மேடம்?"

குடத்தைச் சாய்த்தவள் அப்படியே நின்றாள்.

இரவெல்லாம் அலைந்தவர் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்.

அவள் கேமரா கட்டியது எல்லாம் திறந்த வாசல்களில்.

பாட்டில் அங்கேயே கிடந்தது. அவள் மேற்குச் சரிவுக்கு ஓடினாள்.

அங்கே ஒரு பாறையடி. அதை எத்தனையோ முறை கடந்திருக்கிறாள். பன்றி கிளறிய மண் என்று விட்டிருக்கிறாள். இப்போது குனிந்தாள்.

மழை காணாத சரிவு. மண்ணெல்லாம் வெளுத்துப் பொடியாகிக் கிடந்தது. பாறையை ஒட்டி ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் மண் கறுத்திருந்தது.

தொட்டாள். ஈரம்.

இந்த வெயிலில் ஈரம் ஆழத்தில்தான் இருக்கும். ஆழத்து மண் மேலே வந்திருக்கிறது. பன்றி கிளறினால் மண் சுற்றிலும் சிதறும். இங்கே ஒரு கட்டிகூடச் சிதறவில்லை. உள்ளிருந்து வாய்வரை தள்ளி, திணித்து, அடைத்திருக்கிறது.

புழுதியில் வால் இழுத்த கோடு ஒன்று. கிழக்கிலிருந்து வந்து ஈர மண்ணில் முடிந்தது.

திரும்பிப் போன கோடு இல்லை.

அடுத்த பாறையைப் பார்த்தாள். அதன் அடியிலும் ஒரு கறுத்த வட்டம்.

கீழே ஜேசிபி உறுமியது. கையை மேலே தூக்கியபடி சரிவில் ஏறத் தொடங்கியது.

அவள் நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

எஞ்சின் நின்றது. சென்னியப்பன் தலையை நீட்டினார்.

"என்னாச்சுங் மேடம்?"

"வண்டியப் பின்னால எடுங்கண்ணா. மெதுவா. குட்டையைக் கீழ ஓடைப் பக்கம் தள்ளிக்கலாம், ரேஞ்சர்கிட்ட நான் பேசிக்கிறேன். இங்க மண்ணுக்குள்ள ஆள் இருக்கு."

அவர் பாறைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்கீங்? ஒரு பொந்தையுங் காணமே?"

"அதனாலதான் சொல்றேன்."

இந்த முறையும் அவள் தயங்கவில்லை.

அழுங்கு கிழக்கே தின்கிறது, மேற்கே தூங்குகிறது. தின்று முடித்த வளையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகும். தூங்கும் வளையை உள்ளிருந்து மூடிக்கொள்ளும்.