பிரித்து வைக்கும் கட்டில்

மரகதத்தின் கட்டிலிடம் எந்த மாமியாரும் பிச்சை வாங்க வேண்டும். தினமும் விடியலில் அவள் உடல்சூட்டை அளக்கும். கரு தங்கும் நாள்கள் நெருங்கினால் நடுவில் பிளந்து, அவளை வடக்குச் சுவருக்கும் கணவன் செந்தூரனைத் தெற்குச் சுவருக்கும் உருட்டிக்கொண்டு போய்விடும். கருமுட்டை வந்து போய், சூடு கால் டிகிரி ஏறினால்தான் மறுபடி ஒட்டும்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று வாண்டுகள்; நாலாவதுக்கு நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் ஒன்பது நாள் பிரிவு ஒன்பது யுகமல்லவா? பத்தாம் நாள் விடியலில் மரகதம் தன் மெத்தைக்கடியில் வெந்நீர்ப் பையை நைசாகச் செருகினாள்.

கட்டில் ஒட்டவில்லை. அறுபது டிகிரி காய்ச்சல் என்று ஊருக்கே கேட்க அலறி, ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டது.

"ஏம்புள்ள, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" என்றான் செந்தூரன்.

"எல்லாம் உங்களாலதானுங்க!"

வந்த நர்ஸ் குனிந்து, மெத்தைக்கடியில் கைவிட்டுப் பையை உருவினாள். வாசலில் கூடியிருந்த பதினாறு குடித்தனமும் "ஓஹோ!" என்றது.

"வெக்கப்படாதீங்கக்கா. இந்தத் தெருவுல இன்னைக்கு இது நாலாவது வீடு," என்றாள் நர்ஸ். "கொதிக்கக் கொதிக்க வெச்சா அதுக்குத் தெரியாதுங்களா? இளஞ்சூடு போதுமுங்க. நான் அப்படித்தான் வெச்சேன், கட்டில் உடனே ஒட்டிக்கிச்சு."

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு மெல்ல நிமிர்ந்தாள்.

அவள் வாசலைத் தாண்டுமுன் செந்தூரன் தன் பாதிக் கட்டிலைக் கூடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருந்தான். பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தது மரகதம்.