மூங்கில் நுனிக் கம்பி

மூங்கிலை ஆடாமல் அசையாமல் பிடிக்கச் சொல்லியிருந்தார் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. அம்மாக்கண்ணுவின் கண்ணோ எதிர்மலையை விட்டு நகரவில்லை.

அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவள் தங்கை சண்முகவடிவு நேற்றிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். முன்பு பெற்ற இரண்டும் தங்கவில்லை. இது தங்கினால் அங்கிருக்கும் பாறைமேல் அடையாளமாகச் சிவப்புச் சேலை விரிப்பதாகப் பேச்சு. போய்ப் பார்க்க லீவு கேட்டவளுக்கு மூங்கில் பிடிக்கும் வேலைதான் கிடைத்தது.

இப்போது பாறையும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. ஹட்டன் பக்கமிருந்து ஏறிய மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

துரைக்கு அந்தக் கவலையே இல்லை. மூங்கில் நுனியில் கட்டிய ஆள் உயரக் கம்பியிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, பார்வை மாதிரி நேராகப் போகுமாம். நடுவில் மலை இருந்தால் நின்றுவிடும். மூடுபனி அதற்கு ஒரு பொருட்டே இல்லையாம்.

இத்தனை நாளும் மலை மறைக்கும் பங்களாவிலிருந்து ரேடியோவில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால்தான் இன்று இந்த மேடு. இதற்கு நேர் எதிரே இருந்தது சண்முகவடிவின் லயத்து வாசல். அந்தத் தோட்டத்துத் துரை தன் ரேடியோப் பெட்டியை அங்கே வைத்துக் காத்திருந்தார்.

பெட்டி ஊளையிட்டது. பேச்சைக் காணோம். துரை காதுக்கருவியைக் கழற்றிப் புல்லில் எறிந்தார்.

அது அம்மாக்கண்ணுவின் காலடியில் விழுந்தது. அதிலிருந்து வந்த சத்தத்துக்கு அவள் காதைச் சாய்த்தாள்.

ஊளை இல்லை அது. குலவை.

பிள்ளை தங்கிவிட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மூங்கில் தாறுமாறாக ஆடியது. திட்ட வேண்டிய கங்காணி அழகுமுத்துவே வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“ஆம்பளப் புள்ளதான். இல்லாட்டி எதுக்குக் குலவை போடப் போறாங்க?”

கேட்டது பெட்டியின் ஊளையில்லை, எதிர்மலைச் சத்தம் என்று புரிந்ததும் துரை பாய்ந்து வந்து காதுக்கருவியை எடுத்து மாட்டினார். இந்தத் தடவை எதிர்மலைத் துரையின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. சின்னப் பிள்ளையாட்டம் குதித்தார். மாறிமாறி ஏதோ கேட்டார், சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, அம்மாக்கண்ணுவிடம் தன் தமிழைக் கூட்டிச் சேர்த்தார்.

“பொம்பளப் புள்ளே. அங்கே எல்லாரும் சும்மா நிக்குது. பெத்தவதான் குலவை போடுது.”



அம்மாக்கண்ணு மூங்கிலைக் கங்காணியின் கையில் திணித்தாள். துரையிடம் கேட்டு, பேசும் கருவியை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

தங்கச்சி தனியாகக் குலவை போட்டது போதும்.