இன்னும் கொஞ்சம் கிட்டே

“மரியாதையா எஞ்சினைப் போடுறியா, இல்ல பெட்டியைக் கட்டுறியா?”

முதலாளியம்மா விட்டெறிந்த அலுமினியத் தட்டு சுக்கான் அறைக் கதவில் மோதியது. மேல்தளத்தில் கடகடவென்று உருண்டு, டைல்ஸ் கம்பெனி அதிபரின் காலடியில் போய்ச் சுற்றி விழுந்தது. சுக்கானைப் பிடித்திருந்த கேப்டன் அசையவில்லை.

அது சின்னக் கப்பல். பயணிகள் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். ‘கடலுக்குத் தொந்தரவு தராத பயணம்’ என்று விளம்பரம் செய்துதான் ஆள் சேர்த்திருந்தார்கள். பவளப்பாறை மேல் நங்கூரம் போடுவதில்லை, பிளாஸ்டிக் பாட்டில் ஏற்றுவதில்லை, எந்த உயிரையும் விரட்டிப் போவதில்லை. கப்பலில் ஏறும்போது எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

தாய்த் திமிங்கலம் ஒன்று குட்டியோடு தென்பட்டதும் அத்தனையும் காற்றில் பறந்துவிட்டது. கேப்டன் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருந்தார். “இன்னும் கொஞ்சம் கிட்டே போப்பா” என்று முதலில் ஆரம்பித்தவர், முழங்கை நீள லென்ஸோடு வந்திருந்த டைல்ஸ் அதிபர்தான். கெஞ்சினார், அதட்டினார், மற்றவர்களையும் கிளப்பிவிட்டார். அதுவும் பலிக்காமல் போகவே, கீழே போய் முதலாளியம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அவர்கள் மேலே ஏறிப் போவதைப் பார்த்த சமையல்கார அக்கா, கண்ணாடி ஜாடிகளை எடுத்து அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள். பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், தட்டு பறந்த சத்தத்துக்குக்கூடத் தலையை நிமிர்த்தவில்லை.

“சார் எவ்வளவு ஆசையா வந்திருக்கார்! கிட்டப் போக உனக்கு என்ன வலிக்குது?”

“அது குட்டிக்குப் பால் குடுத்துட்டு இருக்கு, மேடம். நாம கிட்டப் போனா மிரண்டு ஓடும். குட்டியால கூடவே ஓட முடியாது. தாயை விட்டுட்டா பிழைக்காது.”

“அந்த மீனா உனக்குச் சோறு போடுது?”

“திமிங்கலம் மீன் இல்ல, மேடம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியம்மாவின் குரல் இன்னும் ஏறியது.

“எனக்கே பாடம் நடத்துறியா? கரைக்குப் போனதும் பார். இந்தத் துறைமுகத்துல ஒரு தோணி தள்ளுற வேலைகூட உனக்குக் கிடைக்காது. கிடைக்கவும் விடமாட்டேன்.”

கேப்டன் தொப்பியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். “உங்க கப்பல், உங்க இஷ்டம். என் கையால அந்தப் பக்கம் திருப்பமாட்டேன்.”

“தள்ளு. எனக்கும் ஓட்டத் தெரியும்.” முதலாளியம்மா சுக்கானில் கை வைத்தபடி அதிபரின் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, சார். இவனைச் சின்னப் படகுல ஏத்திக் கரைக்கு அனுப்பிட்டு நாம கிட்டப் போயிடலாம்.”

எல்லோர் கண்ணும் அதிபர் மேல் திரும்பியது. அவர் லென்ஸ் மூடியைத் திறந்தார், மூடினார்.

“ஒரு போட்டோவுக்காக ஒருத்தர் வயித்துல அடிக்கணுமாங்க?” என்றாள் அவர் மனைவி. சற்று முன்பு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘போங்க, போங்க’ என்று கத்தியவள் அவள்தான்.

“அந்த ஆள் சரியாத்தானே சொல்றார்?” என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர், முதலாளியம்மாவைப் பார்த்து. “நீயெல்லாம் என்னம்மா பொம்பளை?”

அதிபருக்குக் காது மடல் சிவந்தது. சட்டென்று முதலாளியம்மா மேல் பாய்ந்தார். “இவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி நான் கேட்டேனா?”

“நீங்கதானே சார் கிட்டப் போகணும்னு சொன்னீங்க?”

“அதுக்காக? விளம்பரத்துல பெரிசு பெரிசா போட்டா மட்டும் போதுமா? இந்தக் கப்பல்ல அதை மதிக்கிறது இவர் ஒருத்தர்தான். இவர் மேல கை வச்சீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்!”

ஜன்னல் விளிம்பிலிருந்த தொப்பியை எடுத்து, அவரே கேப்டன் தலையில் வைத்தார். முதலாளியம்மா விடுவிடுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

மேல்தளத்தில் எல்லோரும் கம்பியோரம் வந்து நின்றார்கள். தாய் மூச்சு விடும் சத்தம் தண்ணீரைத் தாண்டி வந்து கேட்டது. அதன் விலாவை ஒட்டி ஒரு சின்ன முதுகு எழுந்து எழுந்து அமுங்கியது. அதிபரின் கேமராவில் இரண்டும் புள்ளியாகத்தான் விழுந்தன. அவர் அதையே மனைவியிடம் பெருமையாகக் காட்டினார்.

மதியச் சாப்பாட்டில் முதலாளியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. உப்பு ஜாடியை நகர்த்தித் தரக்கூட ஒருவரும் கை நீட்டவில்லை.

கரை சேர்ந்ததும் ஒவ்வொருவராகக் கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கினார்கள். இறங்கும் பலகையின் ஓரத்தில் கைகூப்பி நின்ற முதலாளியம்மாவை ஒரு கம்பத்தைப்போல் சுற்றிக்கொண்டு போனார்கள். “இந்தம்மா ஏதாவது தகராறு பண்ணா எனக்கு ஒரு போன் போடுங்க, கேப்டன்” என்று அதிபர் அவள் காதில் விழும்படியே சொன்னார்.

கடைசிக் காரும் துறைமுக வாசலைத் தாண்டியது. முதலாளியம்மா உள்ளே போய் வெறும் மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்தாள்.

கேப்டன் ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, கரகரத்த குரலில் சொன்னாள்:

“என்னங்க, அடுத்த ட்ரிப்புல நீங்க முதலாளியா இருங்க, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு.”