ஏழு நிமிட இருட்டு

சூரிய ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளை வானத்தில் நிறுத்தி இரவையும் பகலாக்கியதிலிருந்து, நட்சத்திரம் பார்க்கக்கூட விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பரிமளா ஒன்பது வருடம் காத்திருந்தாள். கிடைத்தது ஏழு நிமிட இருட்டு.

இரவு ஏழரை மணிக்குக் கண்ணாடிகள் திரும்பிக்கொண்டன. கடலோரக் குன்றின் மேலிருந்த தொலைநோக்கியை ஒரு நட்சத்திரக் கொத்தின் பக்கம் திருப்பி அவள் கண்ணை வைத்தாள். மற்ற உருண்டைக் கொத்துகளில் நட்சத்திரங்கள் நடுவில் திரண்டு ஒரே வெளிச்சப் பந்தாகத் தெரியும். இது தளர்ந்த கொத்து. நடுப்பகுதி வரைக்கும் நட்சத்திரங்களைத் தனித்தனியாக எண்ணலாம். ஆனால் துளி வெளிச்சம் பட்டாலும் முதலில் மறைவது இதுதான். வெறும் புகை மாதிரி இருந்தது, கண் பழகப் பழகப் புள்ளிகளாகப் பிரிந்தது.

பதினான்கு எண்ணியபோது கண்ணாடிகளின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஜெபஸ்டின் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு வள்ளம் பாறைப் பக்கம் மாட்டிக்கிச்சு. மூணு பேர். இப்பல்லாம் எந்த வள்ளத்துல விளக்கு வைக்கிறாங்க? கண்ணாடியத் திருப்பட்டுமா? நீங்க சம்மதிச்சாத்தான் முடியும்.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. பதினைந்து. பதினாறு. நடுவில், மிக மங்கலாக, பதினேழு.

“அக்கா, கேக்குதா?”

“திருப்பிடு தம்பி!”

வானம் வெளுத்தது. கொத்து போன இடம் தெரியவில்லை. கீழே அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நிமிடம் கழித்து ஜெபஸ்டின் மறுபடி கூப்பிட்டான். “மூணு பேரும் கரையேறிட்டாங்க அக்கா. நல்லவேளை, கேட்ட உடனே சொன்னீங்க.”

“உடனே சொல்லலை தம்பி,” என்றாள் பரிமளா. “மூணு நட்சத்திரம் எண்ணிட்டுத்தான் சொன்னேன்.”